லாத்தா சொன்னாங்களாம்

படம் முடிந்து வெளியே வந்ததும் பேசக் கூடாது. இது நானும் என் தோழியும் வைத்துக்கொண்ட சட்டம். உண்மையைச் சொன்னால் சட்டம் போட்டது நான், ஒத்துக்கொண்டது அவள். சிங்கப்பூர்த் தேக்காவில் படம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு ஜாலான் புசார் வரைக்கும் நடப்போம். அங்கே எங்களுக்கென்று ஒரு காப்பிக் கடை உண்டு. இரண்டு தே, அதாவது பால் தேநீர், வந்து மேசையில் உட்கார்ந்த பிறகுதான் படத்தைப் பற்றிப் பேச்சு. முதலில் நான் பேசுவேன்.

ஒரே அலுவலகத்தில் குமாஸ்தாக்களாகச் சேர்ந்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம். எனக்குக் கல்யாணம் ஆனது, அவளுக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், அலுவலகம் இரண்டு முறை இடம் மாறியது. படத்துக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. முதல் நாள், முதல் காட்சி, பக்கத்துப் பக்கத்து இருக்கை.

எனக்குப் படங்களைப் பற்றி அபிப்பிராயம் அதிகம். அதிலும் இப்போது வருகிற படங்கள் என் வாயைக் கிளறுவதற்கென்றே வருகின்றன. அறுபது தாண்டிய கதாநாயகர் காரிலிருந்து இறங்குவதற்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறார். அந்த ஐந்து நிமிடமும் காது கிழிகிற மாதிரி இசை. எல்லா மாநிலத்திலும் ஓட வேண்டுமாம், அதனால் மாநிலத்துக்கு ஒரு நடிகரைக் கூட்டிவந்து கல்யாண வீட்டு வரவேற்பு வரிசை மாதிரி நிறுத்துகிறார்கள். அவர்கள் வாய் ஒன்று அசைகிறது, சத்தம் வேறு வருகிறது. கதாநாயகி பாதிப் படத்துக்கு மேல் காணாமல் போனாலும் தேடுவார் இல்லை. கடைசியில் மீதிக் கதையை இரண்டாம் பாகத்தில் வந்து பார் என்கிறார்கள். மலையாளத்தில் மட்டும்தான் இன்னமும் மனிதர்கள் வேலைக்குப் போகிறார்கள், சோறு சாப்பிடுகிறார்கள், வீட்டு வாடகையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல என் தோழி தேயைக் கலக்கிக்கொண்டே கேட்பாள். "ஆமா", "அதான்", "கரெக்ட்லா" என்பாள். அலுவலகத்தில் அடுத்த நாள் நான்கு பேராவது என் மேசைக்கு வந்து, "அக்கா, போலாமா வேணாமா?" என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்றால் போக மாட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் அவள் வடகோடியில் உட்லண்ட்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போனாள். நான் இருப்பது தெற்கே புக்கிட் மேராவில். "வேலை முடிஞ்சு முதல் நாள் ஷோ பார்த்துட்டு அவ்வளவு தூரம் வீட்டுக்குப் போக முடியலடி, சண்டே காலையில வச்சுக்கலாமா?" என்று கேட்டாள். எனக்கு முதல் நாள் போகாவிட்டால் உடம்பே சரியில்லாத மாதிரி இருக்கும். இருந்தாலும் அவளுக்காக ஒத்துக்கொண்டேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் யாரும் கதையைச் சொல்லிவிடாதபடி கைப்பேசியை ஒதுக்கிவைத்துக்கொண்டு கிடந்தேன்.

அதற்குப் பிறகுதான் லாத்தா வந்தார்கள்.

அவளுடைய பக்கத்து வீடு. நாகூர்ப் பக்கத்துப் பூர்வீகம், மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூர். வயதில் எங்களைவிட மூத்தவர், அதனால் அவர்கள் வீட்டு வழக்கப்படி அவளும் அக்கா என்பதற்கு 'லாத்தா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். லாத்தா மீன் குழம்பு கொடுத்தார்கள், லாத்தா செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள் என்று சொன்ன வரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் படத்தைப் பற்றி முழுதாகப் பேசி முடித்து மூச்சு வாங்கும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்:

"லாத்தா வெள்ளிக்கிழமையே பார்த்துட்டாங்களாம். அந்த ஹீரோகிட்ட படம் முழுக்க ஒரு ஆள்கூட 'வேணாம்'னு சொல்லலயாம். அதனாலதான் அவன் அழுறப்போ நமக்கு அழுகை வரலன்னு சொன்னாங்க."

நான் இசை சத்தம், சண்டை நீளம் என்று இருபது நிமிடம் கத்தியிருந்தேன். அந்தப் பெண்மணி இரண்டு வரியில் படத்தின் கழுத்தைப் பிடித்துவிட்டார். "அப்படியெல்லாம் இல்ல" என்று சொல்லி தேயைக் குடித்தேன். மறுநாள் அலுவலகத்தில் அதே இரண்டு வரியை என் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிட்டேன். எல்லாரும் ஆகா என்றார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் லாத்தாவின் வாக்கு ஒன்று கடைசியில் வந்து விழும். ஒரு மலையாளப் படத்தில் மகன் வெளிநாடு போன பிறகு அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் குறைந்துவிடுகிறதாம், அவசரமே இல்லாமல் கழுவுகிறாளாம். எனக்கு அப்படி எதுவும் காதில் விழவில்லை. நம்பாமல் அரை நாள் விடுப்புப் போட்டுத் தனியாகப் போய் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். சத்தம் குறைந்துதான் இருந்தது. இருட்டில் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன்.

முகம் தெரியாத ஒரு மனுஷி மேல் இவ்வளவு பொறாமை வரும் என்று எனக்குத் தெரியாது. தோழி கைப்பேசியில் ஏதாவது படித்துச் சிரித்தால் லாத்தாவா என்று எட்டிப் பார்ப்பேன். சனிக்கிழமை என்ன செய்தாய், யாரோடு போனாய், எத்தனை மணிக்கு வந்தாய் என்று துருவுவேன். "நீ என்ன அவளுக்கு மாமியாரா?" என்று என் கணவர் ஒரு நாள் கேட்டுவிட்டார். மாமியாராக இருந்தால்கூடப் பரவாயில்லை, அதற்கு ஓர் உரிமை இருக்கிறது. இத்தனை வருடம் என் பக்கத்து இருக்கையில் இருந்தவளை ஒரு மீன் குழம்புக்காரி எடுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்ற பயம்தான் எனக்கு. இன்னொரு தோழியைத் தேடிப் பிடிக்கிற வயதா இது?

போன மாதம் ஒரு சின்னப் படம் வந்தது. பெரிய நடிகர் கிடையாது. லாரி ஓட்டுகிற ஒரு தகப்பன், மகளுக்கு நடந்த கொடுமைக்குக் காரணமானவனைத் தேடிக்கொண்டு போகிறான். முக்கால்வாசிப் படம் அவ்வளவு அமைதியாக இருந்தது, நான் அசந்துபோனேன். கடைசியில் அவன் அந்த வீட்டுக்குள் நுழைகிறான், கதவு மூடுகிறது, அதற்குப் பிறகு நான்கு நிமிடத்துக்கு வெட்டு, குத்து, ரத்தம். பக்கத்தில் என் தோழி திடுக்கிட்டு என் கையைப் பிடித்தாள்.

காப்பிக் கடையில் நான் கொதித்தேன். "நல்லா பொங்கி வந்த சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டான்" என்றேன். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "கதவு மூடினதோட விட்டதுதான் இந்தப் படத்தோட அழகுன்னு… லாத்தா சொன்னாங்க" என்றாள். சொன்ன உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. கதவு மூடினதோடு எங்கே விட்டான்? நான்கு நிமிடம் அறுத்தானே! "உங்க லாத்தா படத்தைப் பார்த்தாங்களா, இல்ல யாராச்சும் சொன்னதக் கேட்டுச் சொல்றாங்களா?" என்று கேட்டேன். "விடுடி, தூங்கியிருப்பாங்க" என்றாள். நான் விடுவேனா? இத்தனை நாள் என்னைத் தூங்கவிடாமல் செய்த மேதையின் குட்டு உடைந்துவிட்டது. அதை அவர் முகத்துக்கு நேராக, என் தோழி பார்க்க உடைக்க வேண்டும் என்று ஆசை.

அடுத்த ஞாயிறு லாத்தா தேக்காவுக்குச் சாமான் வாங்க வருவதாகக் கேள்விப்பட்டேன். பிரியாணி சாப்பிடலாம், கட்டாயம் கூட்டிவா என்று அடம்பிடித்தேன். அவள் தலைவலி என்றாள், மழை வரும் என்றாள். நான் அவள் கைப்பேசியிலிருந்து எண்ணை எடுத்து நேராக லாத்தாவுக்கே போன் போட்டுக் கூப்பிட்டேன். அவர் சந்தோஷமாக வருகிறேன் என்றார்.

வந்தவரைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஏமாற்றம்தான். கண்ணாடி போட்ட மெலிந்த, மீன் சாப்பிட்டால் முள் எடுக்க மறந்துவிடுகிற மாதிரி பாவமான மனுஷி. "நீங்கதானா! ஒங்கள பத்தி இவ பேசாத நாளே இல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சிரித்துவைத்தேன். சாப்பாடு வருகிற வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை.

"அந்த லாரிக்காரன் படத்துல கதவு மூடினதோட விட்டது அழகுன்னு சொன்னீங்களாமே லாத்தா? கதவுக்குப் பிறகு நடந்த வெட்டுக் குத்து ஒங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

அவர் கண்ணாடியை மேலே தள்ளினார். "வெட்டுக் குத்தா? அப்படி ஒண்ணும் வரலயே. கதவு மூடிச்சு, அப்புறம் அவன் கொழாயடியில கை கழுவினான், முடிஞ்சிச்சு. ஆனா அழகுன்னு நான் எப்பம்மா சொன்னேன்? நான் பாதிப் படம் தூங்குற ஆளு. பஸ்ல வரும்போது இவதான் சொல்லிக்கிட்டே வந்தா. எவ்வளவு நல்லா சொல்வா தெரியுமா! அதக் கேக்கத்தான் நான் படத்துக்கே போறேன்."

"எந்த பஸ்ஸுல?" என்றேன்.

"ஜோகூர்லேர்ந்து வர்ற பஸ்ஸுதான். வெள்ளிக்கெழமைன்னா நாங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போயிடுவோம்லா. அங்க டிக்கெட் மலிவு."

என் தோழி தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அங்க சென்சார்ல அந்த நாலு நிமிஷத்த வெட்டிட்டாங்க. இங்க வெட்டல. அது எனக்குத் தெரியாது. உன்கூட உக்காந்து பார்க்கும்போதுதான் தெரிஞ்சுது."

அதனால்தான் திடுக்கிட்டு என் கையைப் பிடித்தாள். அதுவரைக்கும் எல்லாம் அவளுக்குத் தெரிந்த கதை. உட்லண்ட்ஸிலிருந்து பாலத்தைத் தாண்டினால் மலேசியாவின் ஜோகூர், முதல் நாள், முதல் காட்சி. ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது முறை. நான் சிரித்த இடத்தில் சிரித்து, நான் உச்சுக் கொட்டிய இடத்தில் உச்சுக் கொட்டி, மூன்று வருடம் ஒரு படத்துக்குக்கூட மாட்டிக்கொள்ளவில்லை.

"அந்த 'வேணாம்'னு யாரும் சொல்லாத ஹீரோ?" என்று கேட்டேன்.

"நான் சொன்னதுதான்."

"பாத்திரம் கழுவுற சத்தம்?"

"அதுவும்."

"அப்புறம் ஏன்டி லாத்தா சொன்னாங்க, லாத்தா சொன்னாங்கன்னு…"

"நான் சொன்னேன்னு சொன்னா நீ கேப்பியா?" அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு தடவ சொல்லிப் பார்த்தேன். 'ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு'ன்னுட்ட. லாத்தா சொன்னாங்கன்னு சொன்னாத்தான் நீ வாய மூடிட்டுக் கேட்ட."

அப்படிச் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்கிற மாதிரி அது எனக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்காது. பிரியாணி வந்தது. லாத்தா ஒன்றும் புரியாமல் எல்லாருக்கும் தயிர்ப் பச்சடி பரிமாறினார். அவர் மேல் எனக்கு இருந்த பொறாமை அந்த மேசையிலேயே செத்துப்போயிருக்க வேண்டும். சாகவில்லை, இன்னும் அதிகமாகத்தான் ஆனது. அவளுடைய பேச்சை மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் பேருந்தும் இந்தத் தூங்குமூஞ்சியும்தான். எனக்குக் கிடைத்தது மிச்சம் மீதி, அதுவும் வேறு பெயரில்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் கேட்டேன். "சரி, ரெண்டையும் பார்த்தவ நீ. எது நல்லா இருந்துச்சு? நீ சொல்லு, நான் கேக்குறேன்."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். முதலில் லாத்தாவைப் பார்த்தாள். லாத்தா, "சொல்லு, சொல்லு" என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தாள். அப்படி ஒரு பேச்சை நான் அவளிடம் கேட்டதே இல்லை. கதவு, குழாயடி, அந்தத் தகப்பனின் கை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் இரண்டு இடத்தில் குறுக்கே பேச வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் லாத்தாவைப் பார்த்துத்தான் பேசினாள்.