அடுப்படிப் பல்லி

எங்கள் பெரியப்பா பல்லி சொல்லாமல் எந்தக் காரியத்திலும் இறங்கமாட்டார். செஞ்சி பஜாரில் உரக்கடை வைத்தது பல்லி சொல்லித்தான். என் நைனாவுக்குப் பெண் எடுத்ததும் பல்லி சொல்லித்தான். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த கடைசித் தங்கை, அதாவது என் அத்தை, பல்லிகளையே படிக்கப் போகிறேன் என்று நின்றாள்.

ராஜஸ்தானில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருந்தது. தார் பாலைவனத்து மணலில் ஒரு பல்லி உண்டு. அதற்குச் சுவரில் ஒட்டும் விரல் கிடையாது. மணலில் ஓடுவதற்கென்று விரல் ஓரத்தில் செதில் விளிம்பு இருக்கும். முதலில் அதை ஒரு பேரினத்தில் சேர்த்தார்கள், பிறகு வேறொன்றுக்கு மாற்றினார்கள். உண்மையில் அது எங்கே சேர வேண்டும் என்று இவள் போய்ப் பார்க்கப் போகிறாளாம். ராஜகிரிக் கோட்டை அடிவாரத்துப் பாறைகளில் அவளோடு அலைந்ததில், விரலைப் பார், கண்ணைப் பார், சத்தத்தைக் கேள், அப்புறம் பேர் சொல் என்பது எனக்கும் மனப்பாடம். ஒன்பது வயதில் எனக்கு அவ்வளவு தலைக்கனம்.

புறப்படும் நாளும் வந்தது. ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் சென்னையில் ரயில். பெரியப்பா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லி வாய் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? போன வாரம்தான் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்திருந்தது. இருந்த பல்லியெல்லாம் வாசனை தாங்காமல் ஓடிவிட்டன.

நாலு மணிக்குக் கரண்ட் வேறு போனது. நைனா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். அத்தை பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். நான் ஒவ்வொரு ட்யூப்லைட்டின் பின்னாலும் எட்டிப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணா, டைம் ஆவுது," என்றாள் அத்தை.

"இரு. இன்னா அவசரம்?"

"பஸ் போயிடும்ணா."

"நல்லது கெட்டது பாக்காம அவ்ளோ தூரம் பொட்டப்புள்ளய எப்படி அனுப்பறது?"

அம்மா அடுப்படியில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். பெரியப்பா எதிரில் வந்து அவள் பேசி நான் பார்த்ததில்லை. தம்பி பெண்டாட்டி அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். எதுவானாலும் நைனா வழியாகவோ என் வழியாகவோதான் போகும்.

அப்போது அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. ச்சு, ச்சு, ச்சு.

பெரியப்பா நிமிர்ந்தார். நான் ஓடினேன். அடுப்படிச் சுவரில் ஒன்றுமில்லை. அம்மா மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் கூடத்துக்குத் திரும்பி, கற்ற வித்தையை அவிழ்த்துவிட்டேன்.

"பெரிப்பா, இது நம்ம வூட்டுப் பல்லி இல்ல. அது வேகமா நெறய தடவ கத்தும். இது வேற இனம்!"

அத்தை என் கையைக் கிள்ளிய கிள்ளு இன்னும் வலிக்கிறது. பெரியப்பா அடுப்படிப் பக்கமே ரொம்ப நேரம் பார்த்தார். எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று எப்போதும் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறவர் அன்று புரட்டவில்லை. பல்லி சொன்னால் வழக்கமாகத் தட்டுவதுபோல நாற்காலிக் கையை விரலால் தட்டினார்.

"எந்த இனமா இருந்தா இன்னா? சொல்லிடுச்சு இல்ல. கெளம்பு."

அத்தை பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். நான் மட்டும் அந்தப் புது இனத்தைத் தேடி அடுப்படியைக் குடைந்துகொண்டே இருந்தேன். அம்மா திட்டவே இல்லை, டப்பாக்களை நகர்த்திக்கூடக் கொடுத்தாள். பெரியப்பாவிடம் அம்மா நேராகப் பேசிய ஒரே பேச்சு அந்த ச்சு, ச்சு, ச்சுதான் என்பதும், அவர் பதில் சொன்னது அம்மாவுக்குத்தான் என்பதும் அப்போது எனக்கு எட்டவில்லை.