பூட்டுப் போட்டால் இலை போட மாட்டேன்

எங்கள் மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் பின்சுவரில் ஒரு கதவு இருக்கிறது. அதன் மேல் சிவப்பு எழுத்தில் ‘அவசர வழி’ என்று எழுதியிருக்கும். பசியை விட வேறென்ன அவசரம் என்று கேட்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. அந்தக் கதவுக்காக ஒருநாள் என் வேலையையே பணயம் வைத்தேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

மண்டபம் குமணன்சாவடியிலிருந்து பூந்தமல்லி போகும் வழியில், மெட்ரோ தூண்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாடியில் மணமேடை, கீழே சாப்பாட்டுக் கூடம். இலை போடுவதிலிருந்து மேசை துடைப்பது வரை என் பொறுப்பு. உதவிக்குச் சில பெண்கள் இருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பந்தியில் உட்கார்ந்தவர்கள் பேசுவதைக் கேட்டு வந்தது. மனிதர்கள் மேடையில் ஒன்று பேசுவார்கள், போட்டோவுக்கு நிற்கும்போது ஒன்று பேசுவார்கள். வாயில் வடை இருக்கும்போதுதான் உள்ளதைச் சொல்வார்கள்.

ஒரு பந்தி முடியும்வரை முன்கதவில் குறுக்கே கயிறு கட்டிவிடுவோம். ஆனாலும் கெட்டிக்காரர்கள் எப்படியாவது உள்ளே வந்து, சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள். அவர் ரசத்துக்கு வந்துவிட்டாரா, மோருக்கு வந்துவிட்டாரா என்று தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, “தம்பி, நீ பெருமூச்சு விட்டா என் அப்பளம் பறக்குது” என்றார். பின்னால் நின்றவர் கூச்சப்படவில்லை. “பறந்தா புடிச்சுத் தர்றேன் சார், நீங்க சீக்கிரம் முடிங்க” என்றார்.

அந்தக் கெட்டிக்காரர்களுக்குப் பின்கதவு பெரிய வசதி. அது கார் நிறுத்தும் முற்றத்துக்குத் திறக்கும். வெளியிலிருந்து திறக்காது, உள்ளேயிருந்து திருகினால் உடனே திறந்துகொள்ளும். ஆபத்தில் யாரும் சாவி தேடக்கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் அதற்கு வேறு வேலை கொடுத்தார்கள். குடும்பத்தில் ஒருவர் முதலில் உள்ளே போய்விடுவார். முற்றத்திலிருந்து போன் வரும். “மாமே, உள்ள கீறியா? சிவப்பு எழுத்துக் கதவு தெரியுதா? அத்தத் தொற. நாங்க எல்லாம் இங்கதான் நின்னுகினு கீறோம்.” கதவு திறக்கும். பாட்டி, பேரன், சித்தி, சித்தப்பா என்று ஒரு குடும்பமே வந்து நாற்காலிகளுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். முன்கதவில் மரியாதையாகக் காத்திருந்தவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

முதலாளி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கொக்கி அடித்து, கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பூட்டோடு எத்தனையோ கல்யாணம் நடந்தது. ஒரு வளைகாப்பு அன்று, மதியச் சாப்பாட்டின்போது, சமையற்கட்டில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்துக்கொண்டது. சமையற்கட்டு முன்கதவை ஒட்டியே இருக்கிறது. கரும்புகை அந்தப் பக்கத்தை மூடிவிட்டது. எல்லோரும் பின்கதவுக்கு ஓடினார்கள். பூட்டு தொங்கியது. முதலாளி பேங்குக்குப் போயிருந்தார். சாவியும் அவரோடு போயிருந்தது.

ஜனங்கள் கதவைக் கையால் அடித்தார்கள். முன்னால் நின்றவர்கள் மேல் பின்னால் வந்தவர்கள் சாய்ந்தார்கள். கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருத்தி, “அடிக்காதீங்க, தள்ளாதீங்க” என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். மாடிக்குப் போயிருந்த எங்கள் வாட்ச்மேன் நைனா, சத்தம் கேட்டு இறங்கி, முற்றத்தில் நின்ற ஒரு காரிலிருந்து ஜாக்கி ராடை எடுத்துக்கொண்டு ஓடிவந்து புகைக்குள்ளேயே புகுந்து பூட்டை நெம்பி உடைத்தார். எல்லோரும் பிழைத்தோம். சமையல்காரர்கள் ஈரச் சாக்கைப் போட்டுத் தீயையும் அணைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் கதவைத் துடைக்கப் போனேன். கதவு முழுக்கக் கைகள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எழுந்து ஓடிவந்த கைகள் அல்லவா, சாம்பார்க் கை, தயிர்க் கை, மஞ்சளாக ஒரு குழந்தைக் கை. சோற்றுப்பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அழித்தேன். அன்றிலிருந்து எனக்கும் பூட்டுக்கும் ஆகாது.

முதலாளி மறுநாள் புதுப் பூட்டு வாங்கி வந்தார். பழையதை விடப் பெரியது. என்னிடம் காட்டி, “போன பூட்டு லேசு. இத்த யாராலயும் ஒடைக்க முடியாது” என்றார். அவர் கெட்டவர் இல்லை. பேத்தி கல்யாணத்துக்கு வரும் தாத்தாபோல ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறவர். பூட்டைப் பார்த்தால் அவருக்கு நிம்மதி. எனக்கு அந்தக் கைகள் ஞாபகம் வரும்.

“மொதலாளி, கொஞ்ச நாள் பொறுங்க. நான் வேற வழி கொண்டாறேன்” என்றேன். அடுத்த முகூர்த்த நாள் வரை நேரம் கொடுத்தார்.

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் தீயணைப்புச் சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. கடைக்கார பாயிடம் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து ஒரு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் மூடியை எடுத்துவந்து வைத்தார். கதவின் திருகுப்பிடி மேல் மாட்டுவது. உள்ளே பிடி நன்றாகத் தெரியும். ஆனால் மூடியைத் தூக்காமல் தொட முடியாது. தூக்கினால் சங்கு மாதிரி ஒரு கத்தல். கத்தினாலும் கதவு திறக்கும். அதில் பூட்டே கிடையாது.

“அப்ப யாரு வோணா தூக்கலாமே பாய்?” என்று கேட்டேன்.

“தூக்கலாம்மா. உயிருக்கு ஓட்றவன் சத்தத்துக்குப் பயப்பட மாட்டான், தூக்கிருவான். வடைக்கு ஓட்றவன் நாலு பேரு திரும்பிப் பார்ப்பாங்களேன்னு கைய இழுத்துக்குவான். கதவப் பூட்டாத. கை வெக்கறவனுக்கு வெக்கம் வர வெய்யி.”

இப்படிப் பேசுகிறவர்களிடம் பேரம் பேச எனக்கு வாய் வராது. வாங்கிக்கொண்டேன். நைனா மாட்டிக் கொடுத்தார். முதலாளி இரண்டு முறை தூக்கிப் பார்த்துக் கத்தவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு, “சரி, பாக்கலாம்” என்றார்.

அடுத்த முகூர்த்தத்திலேயே பார்த்துவிட்டோம்.

காலை டிபன் பந்தி நடந்துகொண்டிருந்தது. மாடியில் தாலி கட்டும் நேரம் நெருங்கியிருந்தது. தேங்காய் மேல் தாலியை வைத்து, தட்டை எடுத்துக்கொண்டு ஒரு அம்மா பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கக் கூட்டத்துக்குள் இறங்கியிருந்தார். அந்த நேரம் பார்த்து, கீழே பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுந்துபோய் மூடியைத் தூக்கிவிட்டார்.

அந்தக் கத்தல் படிக்கட்டு வழியாக மாடிக்கு ஏறியது. மேளக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல நேரத்தில் தும்மலோ அழுகையோ வேண்டாத சத்தமோ காதில் விழுந்தால், யாரும் சொல்லாமலே கெட்டிமேளம் அடித்து அதை மூடிவிடுவார்கள். தவில்காரர் கை தானாக இறங்கியது. நாதஸ்வரமும் கூடவே எடுத்துக்கொண்டது. கெட்டிமேளம் கேட்டால் ஜனங்களுக்கும் ஒரு பழக்கம் உண்டு. கையில் வைத்திருந்த அட்சதையை எல்லோரும் ஒரே நேரத்தில் மேடையைப் பார்த்து எறிந்தார்கள்.

மாப்பிள்ளை தலையெல்லாம் அரிசி. பெண் குனிந்துகொண்டாள். ஐயர், “இன்னும் கட்டலை, இன்னும் கட்டலை” என்று கையை ஆட்டுகிறார். தாலியோ நடு வரிசையில், ஒரு பெரியம்மாவின் கைக்குக் கீழே இருக்கிறது. தட்டு வைத்திருந்த அம்மா முன்னால் போவதா பின்னால் போவதா என்று தெரியாமல் நிற்கிறார். வீடியோக்காரர், “எல்லாரும் அரிசியத் திருப்பி எடுத்துக்குங்க” என்று கத்தினாராம். இதையெல்லாம், தாலி கட்டுவதைப் பார்க்க மாடிக்குப் போயிருந்த இலை போடும் பெண்கள் பிறகு நடித்தே காட்டினார்கள்.

புது அட்சதை கலந்து, நல்ல நேரத்துக்குள்ளேயே தாலி கட்டிவிட்டார்கள். ஆனால் பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

“யாரு வெச்சது இந்தச் சனியன? கல்யாணத்துல ஒப்பாரி வெக்குது?”

“நான்தாங்க வெச்சேன்” என்றேன். “தூக்கினது உங்க பக்கத்து ஆளு. தோ, பொங்கல் துன்னுகினு கீறாரே, அவரு.”

அவர் அந்தப் பக்கம் பார்த்தார். சொந்த மச்சான்போல. வாய் அடைத்துக்கொண்டது. ஆனால் முதலாளியிடம் போய்த் திறந்துகொண்டது.

அடுத்த கல்யாணத்தன்று காலை வந்து பார்க்கிறேன். மூடியைக் கழற்றி வரவேற்பு மேசைக்கு அடியில் போட்டிருந்தார்கள். கதவில் அந்தப் பெரிய பூட்டு தொங்கியது.

அறுத்து வைத்திருந்த வாழையிலைக் கட்டுகளை எடுத்து அந்தக் கதவுக்கு முன்னால் அடுக்கினேன். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இலை போடும் பெண்களும் வந்து என் பக்கத்தில் நின்றார்கள். யாரையும் நான் கூப்பிடவில்லை. அந்தக் கதவைத் துடைத்தபோது எனக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் அவர்கள்.

முன்கதவுக் கயிற்றுக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்தது. இட்லி வாசனை வருகிறது, இலை வரவில்லை. முதலாளி வேகமாக வந்தார்.

“இன்னாமா, பந்தியத் தொறக்காம குந்திகினு கீற?”

“பூட்டு கீதே மொதலாளி. பூட்டுப் போட்டா நான் இலை போட மாட்டேன்.”

“நீ இன்னா பெரிய ஃபயர் ஆபீசரா?”

“இல்ல. பந்தி போட்றவ. கூப்ட்டு உக்கார வெச்சவங்கள எயுந்து போவ உடாம பூட்டி வெக்கறது எனக்குத் தெரியாது.”

“அது கத்தறது அபசகுனம்மா. ஊரெல்லாம் பேசுது. நாளைக்கு யாரு மண்டபத்த எடுப்பாங்க?”

“அன்னிக்கு இந்தக் கதவத் தட்னாங்களே, அந்தச் சத்தம் நல்ல சகுனமா? நீங்க கேக்கல. நான் கேட்டேன்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “உன்ன மாதிரி நூறு பேரு வருவாங்க வேலைக்கு” என்றார்.

“வரட்டும். வர்றவங்களுக்கும் ரெண்டு கைதான். அந்தக் கையாலதான் தட்டுவாங்க. சாவிய மட்டும் பேங்குக்கு எடுத்துனு போவாதீங்க.”

வேலை போனால் அடுத்த மாதம் என்ன செய்வது என்ற கேள்வி நெஞ்சில் இருந்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழவில்லை.

டிபனுக்கு இறங்கி வந்திருந்த தவில்காரர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார். போன முறை அடித்த அதே ஆள்.

“மொதலாளி, அபசகுனம்னு சொல்றீங்களே, அத்த மூடத்தானே எங்களக் கூப்ட்றீங்க? இன்னா கத்தினாலும் நாங்க மூடிருவோம். அன்னிக்கு அவசரப்பட்டது என் கை. இனிமே தாலி மேடையில கீதான்னு பாத்துட்டு அடிக்கறேன். ஆனா ஒண்ணு. உள்ள மாட்டிகினு கத்தறவன் சத்தத்த மூடச் சொன்னீங்கன்னா, என் தவில் அதுக்கு வராது.”

கூட்டத்தில் யாரோ, “அக்கா சொல்றது ஞாயம்தானே, தொறந்து உடுங்க” என்றார்கள். இன்னொருவர், “ஞாயம் அப்புறம், மொதல்ல இட்லி” என்றார். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். சாவியை எடுத்து என்னிடம் தராமல் நைனாவிடம் கொடுத்தார். “இன்னொரு தபா கல்யாணம் கெட்டுச்சு, உன்ன உட மாட்டேன்” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

நைனா பூட்டைக் கழற்றினார். மூடியை மாட்டினார். அதற்கு அப்புறம்தான் முதல் இலையை விரித்தேன்.

இப்போது ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். ஆபத்தில்லாமல் மூடியைத் தூக்குகிறவர் யாராக இருந்தாலும் அவருக்குக் கடைசிப் பந்தி. மாப்பிள்ளையின் பெரியப்பாவையே உட்கார வைத்திருக்கிறேன். “இன்னாமா, எனக்கேவா?” என்றார். “கத்தினது உங்களுக்குத்தானே பெரியப்பா” என்றேன். பாயசம் தீர்ந்துபோயிருந்தது. மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தப் பூட்டு முதலாளியின் மேசை இழுப்பறையில் இன்னும் இருக்கிறது. அவர் அதைத் தூக்கிப் போடவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் மறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு முகூர்த்தத்தன்றும் விடிந்ததும் என் முதல் வேலை இதுதான். ஆட்கள் வருவதற்கு முன்னால் போய் மூடியைத் தூக்குவேன். அது கத்தும். பிடியைத் திருகிக் கதவை அகலத் திறந்து முற்றத்தைப் பார்ப்பேன். கதவுக்கு முன்னால் யாராவது காரை நிறுத்தியிருந்தால் நைனாவைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வேன்.

மாடியிலிருந்து முதலாளி குரல் கொடுப்பார். “காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியாமா?”

“ஆரம்பிச்சிட்டேன் மொதலாளி. காதப் பொத்திக்குங்க.”

கத்தி முடிக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகுதான் இலைக்கட்டைப் பிரிப்பேன்.