ரெத்னபாய் டீச்சர் வாசித்த கடிதம்

பனச்சமூடு சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "சாரே, நம்ம ரெத்னபாய் டீச்சர் போயிட்டாவ" என்றார் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய கிளார்க். "எந்த டீச்சர்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து அந்தப் பெயரில் ஒரே ஒருவர்தான் உண்டு. கிழங்கைக் கடையிலேயே விட்டுவிட்டு, டீச்சர் வீடு இருக்கும் காரோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அடக்க ஆராதனையில் போதகர், "இந்தத் தாயின் வாயிலிருந்து ஒரு தகாத வார்த்தை வந்ததில்லை" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. வந்தது ஐயா, ஒரே ஒரு முறை, பதினான்கு பேர் கேட்க வந்தது. அதற்குக் காரணம் நான்தான். டீச்சரை அறிந்த உங்களிடம் அதைச் சொல்லாமல் எனக்கு மனசு ஆறாது.

அவர் சமூக அறிவியல், நான் கணக்கு. ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசை. ஒருநாள் பக்கத்து வகுப்பில் பெருஞ்சிரிப்பு கேட்டு எட்டிப் பார்த்தேன். "பேச்சுச் சுதந்திரம் உண்டுன்னா கெட்ட வார்த்த சொல்லலாமா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். நானாக இருந்தால் முட்டி போட வைத்திருப்பேன். அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "நல்ல கேள்வியாக்கும் மக்கா. மரியாதைக்காக பேச்சுக்கு ஒரு வரம்பு உண்டுன்னு அதே சட்டத்திலதான் எழுதியிருக்கு. ஆனா வரம்பு வார்த்தைக்கா, சொல்ல வந்த காரியத்துக்கான்னு முதல்ல பாக்கணும்" என்றார். அன்று எனக்கு அது வெறும் வளவளப்பாகப் பட்டது.

அடுத்த வருடம் அந்தக் கேள்வி என் தலையில் விழுந்தது. ஜெனிஷா, பொழியூர்ப் பெண், பத்தாம் வகுப்பு. அப்பா கடலுக்குப் போகிறவர். இடைவேளை முடிந்து இருபது நிமிடம் கழித்து வகுப்புக்கு வந்தவளை வாசலில் நிறுத்திக் கத்தினேன். அவளும் கத்தினாள். கடைசியில் என்னைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை. வகுப்பு முழுக்கக் கேட்டது. எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. அன்றே புகார் எழுதினேன்: "என்னை நோக்கி '………' என்று கூறினாள்." எங்கள் பள்ளியில் அதுதான் வழக்கம். அசிங்கமானதை யாரும் எழுதமாட்டோம், வாசிக்கவும் மாட்டோம், புள்ளி வைப்போம். புள்ளியைப் பார்த்ததும் தண்டனை முடிவாகிவிடும்.

ஆசிரியர் கூட்டத்தில் டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. இனி எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்? அவள் படிப்பு அதோடு தீர்ந்தது. அதை அறிந்தேதான் நானும் கையைத் தூக்கினேன். வராந்தாவில் அவளும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள்.

ரெத்னபாய் டீச்சர் என் புகாரை வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார். "மக்கா, நீ சொன்னத அப்படியே எழுது. ஒண்ணும் விடப்பிடாது" என்று அவர் சொல்வது உள்ளே கேட்டது. தாளோடு வந்து, நின்றபடி வாசித்தார்:

"மூணு மாசமா பெண்பிள்ளைகளுக்க கக்கூசில தண்ணி இல்ல. ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு வீட்டில கெஞ்சிக் கேட்டுப் போயிட்டு வாறோம். அவியளும் இண்ணைக்கு ஏசினாவ. நீங்க நேரம் பாக்கியளா சார்?" பிறகு அந்த வார்த்தை. அதையும் விழுங்காமல் வாசித்தார். சபையில் பைபிள் வாசித்துப் பழகிய அந்தக் குரலில் அதைக் கேட்டபோது எங்கள் எல்லோருக்கும் தலை தானாகக் குனிந்தது.

"இவ்வளவும் சொன்னாளா?" என்று ஹெட்மாஸ்டர் என்னைக் கேட்டார். சொன்னாள் என்றேன். வேறென்ன சொல்ல?

"அப்போ வாத்தியார ஏசினது அவளுக்க உரிமையா டீச்சரே?" என்று அவர் பக்கம் திரும்பினார் ஹெட்மாஸ்டர்.

"இல்ல சாரே. ஏச்சுக்கு தண்டன குடுங்க, நானே சொல்லுதேன். தண்ணி இல்லன்னு சொன்னதுக்கு குடுக்கப்பிடாது. அந்தப் புள்ளியில ரெண்டும் கெடக்கு. எதுக்கு அனுப்புதோம்னு நமக்காவது தெரியண்டாமா?"

டி.சி. கிடையாது என்று முடிவானது. மறுநாள் ஜெனிஷா வகுப்பில் எழுந்து நின்று, "அந்த வார்த்தைக்கு மட்டும் மன்னிக்கணும் சார்" என்றாள். அந்த வாரமே குழாயில் தண்ணீர் வந்தது. பரீட்சையில் அவள் தேறினாள். கணக்கில் நல்ல மார்க்.

நான் மூன்று வாரம் டீச்சரோடு பேசவில்லை. என் மானத்தைக் கூட்டத்தில் வைத்து வாங்கிவிட்டார் என்று கறுவிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் அவரே டீயை என் மேசையில் வைத்து, "எனக்கும் நாக்கு கூசிச்சு சாரே. வீட்டுக்குப் போயி அர மணிக்கூறு முட்டுகுத்தி ஜெபம் பண்ணினேன்" என்றார். அவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சே, என்ன மனிதன் நான்!

இன்று அதே பள்ளியில் நான் ஹெட்மாஸ்டர். புள்ளி வைத்த புகார் மாதம் ஒன்றாவது மேசைக்கு வரும். "முழுசா எழுதிட்டு வாருங்க" என்று திருப்பிக் கொடுப்பேன். பாதி திரும்பி வருவதே இல்லை. டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

மன்னியுங்கள் டீச்சர், அந்த வார்த்தையை இங்கேயும் நான் எழுதவில்லை. உங்கள் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் தண்ணீர் இல்லை என்று அந்தப் பிள்ளை சொன்னதை, இந்த முறை, முழுவதும் எழுதிவிட்டேன்.