ஸ்வெட்டரில் குத்திய பூ

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் மகன் வீட்டில் இருக்கிறேன். மே மாதக் கடைசி. இந்த ஊரில் போரில் செத்த சிப்பாய்களை நினைக்கிற நாள் அப்போதுதான் வரும். கடைகளில் தள்ளுபடி போடுவார்கள்.

கடை வாசலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்றார். தலையில் பட்டாளத்துத் தொப்பி. கையில் சிவப்புக் காகிதப் பூக்கள், கம்பிக் காம்பு வைத்தது. செத்த சிப்பாய்களுக்காக அதை நெஞ்சில் குத்திக்கொள்வார்களாம். மகன் சொன்னான்.

அவனே கிழவரிடம் போய் இங்கிலீஷில் பேசினான். என்னைக் காட்டினான். ஃபாதர், ஆர்மி, பார்டர் என்றது புரிந்தது. கிழவர் விறைப்பாக நின்று எனக்கு சல்யூட் வைத்தார். ஒரு பூ கொடுத்தார். மகன் அதை வாங்கி என் ஸ்வெட்டரில் குத்தினான்.

"அப்பாவுக்காகம்மா," என்றான். கண் கலங்கியிருந்தது. அவனுக்கு அப்பா முகம் தெரியாது. அப்போது கைக்குழந்தை.

எல்லையிலிருந்து அவர் பெட்டியில் வந்தார். திறக்கக் கூடாது என்றுவிட்டார்கள். பெரிய ஆபீசர் கொடியை மடித்துக் கொடுத்தார். காரியத்தன்று பொம்பளைகள் என் தலை நிறையப் பூ வைத்தார்கள். வைத்த கையாலேயே பிடுங்கினார்கள். அதற்கப்புறம் எனக்கு யாரும் பூ கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

கடையிலிருந்து நேரே ஈஸ்ட் பிரன்ஸ்விக் போனோம். மகனின் ஃப்ரெண்டு வீட்டில் வளைகாப்பு. நெஞ்சில் பூ இருப்பதை நான் மறக்கவில்லை. மறைக்கவும் இல்லை.

பெண்ணின் அம்மா பிரசவத்துக்காக சென்னையிலிருந்து வந்திருந்தவர். மல்லிகைச் சரம், குங்குமம் வைத்த தட்டோடு வந்தார். என்னைத் தாண்டிப் போனார். அது பழக்கம்தான். போனவர் திரும்பி வந்தார்.

"இது என்னங்க, பூவெல்லாம்?"

"பட்டாளத்துல செத்தவங்களுக்காகக் குத்திக்கிறது. எங்க வீட்டுக்காரருக்கு."

"ஐயோ, நல்லது நடக்கிற வீட்டுல சாவுப் பூவா?"

பக்கத்தில் ஒருத்தி சிரித்தாள். "அமெரிக்கா வந்ததும் ஆன்ட்டிக்குப் பூ ஆசை வந்துடுச்சு போல."

பூ என்றாலும் தப்பு. சாவு என்றாலும் தப்பு.

மகன் வந்தான். குனிந்து காதோடு சொன்னான். "எடுத்துடும்மா. ஃபங்ஷன் முடியட்டும்."

"நீதான குத்தின. நீயே எடு."

"சீன் பண்ணாதம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"அன்னிக்கும் என் பூவை நான் எடுக்கல. மத்தவங்கதான் எடுத்தாங்க. இன்னிக்கு நீ எடு."

சுற்றிப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. எடுத்தான். கம்பி நூலில் மாட்டிக்கொண்டது. இழுத்தான். வந்துவிட்டது. பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

பெண்ணுக்கு வளையல் அடுக்கினார்கள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சிரித்தாளே, அவளே வந்து, "சாப்பிட வாங்க ஆன்ட்டி," என்று அன்பாகக் கையைப் பிடித்தாள். போய்ச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது காரில் பாக்கெட்டிலிருந்து பூவை எடுத்தான். நசுங்கியிருந்தது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நீவினான்.

"தப்பா நினைக்காதம்மா. மாசமா இருக்கிற பொண்ணு, அவங்க பயப்படறாங்க. இப்ப குத்திக்கோ."

"காருக்குள்ள யாரு பாக்கப் போறா?"

பூவை நீட்டியபடியே இருந்தான். நான் வாங்கவில்லை.

"ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றேன்.