ஐம்பதில் ஓடிய கார்

பிளஸ் டூ படித்தபோது அக்காவுக்கு அரசாங்கம் தந்த லேப்டாப்பில்தான் நாங்கள் கார் ரேஸ் ஆடினோம். டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டியை எங்கள் வீட்டில் யார் வாங்கித் தருவார்கள்? அந்தப் பெட்டிபோலவே கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும் எமுலேட்டர் என்ற ஒன்றை அக்கா எங்கிருந்தோ பென் டிரைவில் கொண்டுவந்தாள்.

அக்காவை ஜெயிக்க ஆளே கிடையாது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வந்து எங்கள் வீட்டில் தங்கும் உறவுக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவளிடம் தோற்றுவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். அவளுக்கு அதில் தலைக்கனம் கொஞ்சம் உண்டு.

திரையின் மூலையில் ஐம்பதை ஒட்டி ஒரு எண் ஓடும். காரின் வேகம் என்று நினைத்துக்கொண்டோம். நாலைந்து கார்கள் சேர்ந்து வந்தால் முப்பதுக்கு இறங்கிவிடும். அதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. கிருத்திகை அன்று அடிவாரத்தில் பஸ்ஸே ஊர்கிறது, கூட்டத்தில் கார் மட்டும் பறக்குமா?

போன கிருத்திகைக்கு அக்காவின் வீட்டுக்காரர், அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருக்கும் எங்கள் பாவா, புது லேப்டாப்போடு வந்தார். அதில் அதே ஆட்டத்தைப் போட்டேன். மூலையில் நூறு. அக்கா முதல் வளைவிலேயே சுவரில் மோதினாள். மறுபடியும் மோதினாள். பாவா சுலபமாகத் தாண்டிப் போய்விட்டார்.

அது காரின் வேகம் இல்லை, ஆட்டமே எத்தனை சதவீத வேகத்தில் ஓடுகிறது என்ற கணக்கு என்று அவர்தான் சொன்னார். பழைய லேப்டாப்பால் முடியாமல் பாதி வேகத்தில் இழுத்திருக்கிறது. “பாதி ஸ்பீட்ல ஓட்டிகினு இருந்தவதான் சாம்பியனா?” என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

“அப்ப இத்தினி வருஷமா நான் ஜெயிச்சதுலாம் ஜெயிப்பே இல்லியா?” என்றாள்.

வேண்டுமானால் ஐம்பதில் வைத்துத் தருகிறேன் என்றேன். முறைத்தாள். மலைக்குப் போனவர்கள் திரும்பும்வரை அவள் இடத்தை விட்டு எழுந்திருக்காமல் புது லேப்டாப்பில் ஆடிக்கொண்டே இருந்தாள். கார் போகும் வழி அவளுக்குத் தெரியாததா என்ன? பாதி வேகத்தில் போனதால் எங்கே மணல், எங்கே பள்ளம் என்று ஆற அமரப் பார்த்து வைத்திருந்தாள். கைதான் பழக வேண்டியிருந்தது.

சாயங்காலம் சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, பாவாவோடு மறுபடி ஆடினாள். நூறிலேயே. அவர் கடைசி வளைவைத் திரும்புவதற்குள் அவள் கோட்டைத் தாண்டிவிட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

பாவா என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்: “மாப்ள, அந்த அம்பது எங்க வெக்கிறது?”