இருவர் ஜெயித்த வருடம்

வடாலாவில் வண்டி நின்று கிளம்பியபோது போன் அடித்தது. ஹார்பர் லைன், காலை நேரத்துப் பெண்கள் பெட்டி. சற்று முன்னால்தான் உட்கார இடத்துக்காக ஒரு மராத்திக்கார அம்மாவுடன் சண்டை போட்டுத் தோற்றிருந்தேன். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை எடுத்தேன். ஸ்டெல்லா அக்காவின் தம்பி அருள். "ஹேமாக்கா, அக்கா போயிட்டா" என்றான். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்காமல் எழுந்து என்னை உட்கார வைத்தார். அலுவலகத்துக்குப் போகவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பித் தாராவிக்குப் போனேன்.

காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மழை கொட்டிய வாரத்தில் சயானில் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஆபீஸ் பார்சல்களை மீட்டிருக்கிறார். லெப்டோ, அதாவது எலிக் காய்ச்சல் என்றார்கள் டாக்டர்கள். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. சாவு வீட்டில் யாரோ ஒருவர், "இனிமேலாவது அந்தப் பொண்ணு ஓய்வா இருக்கட்டும்" என்று ஆறுதலாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஓய்வு வேண்டும் என்று அவர் யாரிடம் கேட்டார்? அவர் முடிக்க வேண்டிய காரியம் ஒன்று பாக்கி இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம். சயானில் ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல்களைப் பிரித்து அனுப்பும் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் மைதானம். அங்கே நாங்கள் ஆடியது ஆஸ்திரேலியக் கால்பந்து. முட்டை வடிவப் பந்து. காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்தி அடுத்தவருக்கு அனுப்பலாம், எதிராளியைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளலாம். கோலுக்கு வலை கிடையாது, இரு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள்தான். கிரிக்கெட் ஆடுகிறவர்கள் இடம் விட்ட நேரத்தில் மூங்கில் நட்டு ஆடினோம். மும்பையில் பெண்களுக்கென்று தொடர் ஆரம்பித்தபோது தாராவி அணிக்கு ஸ்டெல்லா அக்கா வந்தார், திலக் நகர் அணிக்கு நான் போனேன்.

முதல் சந்திப்பே சேற்றில்தான். பந்தை எடுத்துக்கொண்டு ஓடிய என் இடுப்பைப் பிடித்து இழுத்து, மேலேயே விழுந்தார். எனக்கு மூச்சு நின்றுபோயிற்று. "அடி பட்டுட்டாட்டி?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். "அப்ப சரி" என்று எழுந்து பந்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டார். மாட்டுங்காவில் பிறந்து, ஆபீஸ் போகிறவர்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்த என்னை அதுவரை யாரும் 'ஏட்டி' என்று கூப்பிட்டதில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அவர் அப்படிக் கூப்பிடாவிட்டால்தான் என்ன கோபமோ என்று கவலைப்படத் தொடங்கினேன்.

ஆஸ்திரேலியாவில் இந்த ஆட்டத்துக்கு ஒரு பெரிய தனிநபர் பதக்கம் உண்டு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் மூன்று பேருக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று வாக்குப் போட்டு மூடி வைப்பார்கள். பருவத்தின் கடைசியில் ஒரு விழா நடத்தி ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்பார்கள். அதிக வாக்கு வாங்கியவருக்குப் பதக்கம். திறமை மட்டும் போதாது, நேர்மையாகவும் ஆடியிருக்க வேண்டும். யாரையாவது அடித்து ஓர் ஆட்டத்துக்குத் தடை வாங்கினாலும் போதும், எத்தனை வாக்கு இருந்தாலும் பதக்கம் கிடையாது. எங்கள் தொடரிலும் அதே மாதிரி ஒரு பதக்கம் வைத்தோம்.

அந்த முதல் பருவத்தின் கடைசி நாள். கோபர்கைரனே அணியுடன் எங்களுக்கு ஆட்டம். அவர்களில் ஒருத்தி, நடுவர் பார்க்காத சமயமாகப் பார்த்து, என் விலாவில் முழங்கையால் இடித்தாள். நான் கையை ஓங்கிவிட்டேன். எல்லைக்கோட்டுக்கு வெளியே அடுத்த ஆட்டத்துக்காக நின்றிருந்த ஸ்டெல்லா அக்கா மைதானமே அதிரும்படி கத்தினார்: "ஏட்டி, கைய எறக்கு! மெடல் போயிரும்!" என் கை தானாக இறங்கியது. இதில் என்ன வேடிக்கை என்றால், பதக்கத்துக்கு எனக்குப் போட்டியாக இருந்தவரே அவர்தான். நான் அடித்திருந்தால் அவருக்கு வழி சுத்தமாகியிருக்கும். பின்னாளில் இதைச் சொல்லிக் கிண்டல் செய்தேன். தடை வாங்கி ஒதுங்கினவளை ஜெயிப்பதில் என்ன கிடக்கிறது என்று கேட்டார்.

விழா அன்று தாராவியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் வாக்குகளை வாசித்தார்கள். கடைசி ஆட்டம் வரை வாசித்து முடித்தபோது இருவருக்கும் சமம். ஹாலே எழுந்து கத்தியது. பிறகு விதியைப் பார்த்தார்கள். சமமாக வந்தால், அதிக ஆட்டங்களில் மூன்று வாக்கு வாங்கியவருக்கே பதக்கம் என்று இருந்தது. அப்படிப் பார்த்ததில் அக்கா ஜெயித்தார், நான் தோற்றேன். நான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதில்தான் கதை இருக்கிறது. தொடரை ஆரம்பித்து வைத்தவர் ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர் ஒருவர். வாலிப வயதில் மெல்பர்ன் துறைமுகத்தில் சில காலம் இருந்தவர். பதக்கத்தின் விதிகளை அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நாங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டோம். அவர் சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் அவர் காலத்துச் சரி. ஸ்டெல்லா அக்காவுக்கு ஆஸ்திரேலியாவின் பழைய பதக்கக்காரர்கள் மேல் ஒரு பித்து. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடித் தேடிப் படிப்பார். படித்ததை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும், அந்த யாராவது எப்போதும் நான்தான். ஒரு நாள் போன் செய்தவர் குரலில் நிதானமே இல்லை. சமமாக வந்தவர்களில் ஒருவரைத் தள்ளும் விதியை ஆஸ்திரேலியாவில் என்றோ தூக்கிப் போட்டுவிட்டார்களாம். அதோடு நிற்காமல், அந்த விதியால் தோற்றவர்களையெல்லாம் பல வருடங்கள் கழித்துக் கூப்பிட்டுப் பதக்கம் கொடுத்தார்களாம். சிலர் அதற்குள் இறந்துபோனார்கள், அவர்கள் குடும்பத்தார் வந்து வாங்கினார்களாம். "செத்தவங்களுக்கே குடுத்துருக்காவட்டி. நீ உயிரோட இருக்கல்லா" என்றார்.

வேண்டாம் என்றேன். எனக்கு ரோஷம் ஜாஸ்தி. தோற்றது தோற்றதுதான், அதோடு வாழப் பழகியாகிவிட்டது, இப்போது கூப்பிட்டுக் கொடுத்தால் அது எனக்குப் பரிசாகத் தெரியாது, இரக்கமாகத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை திலக் நகரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா போட்ட அடையைச் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தை அம்மாவிடம் முறையிட்டார். "கொடுக்கறதை வாங்கிக்கோயேன்டி" என்று அம்மா அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். நான் இருவரிடமும் கத்தினேன். அக்கா கோபப்படவில்லை, இன்னோர் அடை கேட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடாந்தக் கூட்டத்திலும் அவர் எழுந்து நின்றார். விதியை மாற்ற வேண்டும், தள்ளப்பட்டவருக்குப் பதக்கம் வேண்டும். ஒவ்வொரு வருடமும் அதே கோரிக்கை, அதே நிதானமான குரல். ஸ்டெல்லா எழுந்தால் வடா பாவ் வாங்கப் போகலாம் என்று ஒரு பேச்சே உண்டாகிவிட்டது. கமிட்டியாரின் பதிலும் மாறவில்லை. தோற்றவளே கேட்கவில்லை, ஜெயித்தவள் ஏன் கேட்கிறாள்? ஒருமுறை எனக்கே அலுத்துப்போய், உங்களுக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்டேன். எங்கள் விழாவில் ஒரு பழக்கம் உண்டு. புதுப் பதக்கம் தருவதற்கு முன்னால், முதல் வருடத்திலிருந்து தொடங்கிப் பழைய பதக்கக்காரர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைப்பார்கள். முதலாமவர் என்பதால் ஒவ்வொரு தடவையும் வெறும் மேடையில் ஏறுகிறவர் அவர்தான். அவர் சொன்ன பதில் இது: "யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு மொத ஆளா போயி நிக்க மாதிரி இருக்குட்டி. ரெண்டு பேரு ஜெயிச்ச வருசத்துல நான் மட்டும் நிக்கேன்."

போன விழாவில் மறுபடியும் அது நடந்தது. தாராவிப் பெண் ஒருத்தியும் செம்பூர்ப் பெண் ஒருத்தியும் சமம். விதிப்படி செம்பூர்க்காரி தள்ளப்பட்டாள். அந்தப் பெண் ஹாலிலேயே மிகச் சத்தமாகக் கைதட்டினாள். அந்தக் கைதட்டல் எனக்குத் தெரியும். மேடையில் நின்றிருந்த ஸ்டெல்லா அக்கா அவளைப் பார்க்கவில்லை, கீழே உட்கார்ந்திருந்த என்னையே பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து என் அலுவலக வாசலுக்கு வந்தார். டீ வேண்டாம் என்றார். அவர் டீ வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. நடைபாதையில் நின்றபடியே பேசினார்.

"நீ கேக்கலங்கறத வச்சித்தான் அவுக இத்தன வருசமா என் வாய அடைச்சாவ. சரி, அது உனக்கும் எனக்கும் உள்ளது. இப்ப அந்தப் பிள்ளையும் கேக்க மாட்டா, பாத்துக்க. உன்னைய மாதிரியே கை தட்டுதா. உன் ரோசத்துக்கு அவ ஏன்ட்டி தோக்கணும்?"

சொல்லிவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்துவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

இந்த வருடக் கூட்டத்தில் அவர் எழுவதற்கு முன் நான் எழுந்தேன். யாரும் வடா பாவ் வாங்கப் போகவில்லை. தோற்றவள் கேட்கிறேன், எனக்கு அந்தப் பதக்கம் வேண்டும், செம்பூர்ப் பெண்ணுக்கும் வேண்டும், இனிமேல் சமமாக வருகிற எல்லோருக்கும் வேண்டும் என்றேன். கமிட்டியில் ஒருவர் ஏதோ முணுமுணுத்தார். கப்பல் இன்ஜினியர் மட்டும், தள்ளாத வயதிலும் கையைத் தூக்கி, தான் சொன்ன விதியைத் தானே நீக்கச் சொன்னார். மற்றக் கைகளும் உயர்ந்தன. விட்டுப்போன பதக்கங்களை இந்த டிசம்பர் விழாவில் தருவதாக முடிவாயிற்று. எனக்குரியதை ஸ்டெல்லா அக்காதான் கழுத்தில் போட வேண்டும் என்றும் முடிவாயிற்று. வெளியே வந்ததும் ஏதாவது உருக்கமாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "பசிக்குட்டி, வா" என்றார். சயான் ஸ்டேஷன் வாசலில் நின்று இருவரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம். அன்று அவர் சிரித்த மாதிரி நான் முன்பு பார்த்ததில்லை.

பிறகு மழைக்காலம் வந்தது.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வரும்போது, கமிட்டிக்காரர்கள் என்னிடம் வந்து பேசினார்கள். நல்ல மனிதர்கள்தான். துக்கமான வருடம், என் பதக்கத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டார்கள். தொடருக்கே ஸ்டெல்லாவின் பெயரை வைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். இரண்டும் வேண்டாம் என்றேன். பெயர் வைத்துவிட்டு விதியை மறந்துவிடுவீர்கள், எனக்கு விதி போதும் என்றேன். யார் கழுத்தில் போடுவது என்று கேட்டார்கள். யாரும் போட வேண்டாம், கையில் கொடுங்கள், நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் சொல்லியிருப்பேன். செம்பூர்ப் பெண்ணுக்கு நானே போன் செய்து, மறுக்கக் கூடாது, வந்து வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது அக்கா என்றாள். இருக்கட்டும், வா என்றேன். அந்தக் குரல் என்னுடையது மாதிரி எனக்கே தோன்றவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். நியாயம் என்று பட்டதை வெட்கப்படாமல் கேட்பது, சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்ததும் மறுபடியும் எழுந்து கேட்பது. அதை நான் விடப்போவதில்லை. மற்றபடி, டிசம்பரில் முதல் வருடத்தைக் கூப்பிடும்போது இரண்டு பெயர்களை வாசிப்பார்கள். அந்த வருடத்தில் தனியாக நிற்கக் கூடாது என்றுதான் ஸ்டெல்லா அக்கா இத்தனை காலம் போராடினார். வெறும் மேடையில் இனிமேல் நான்தான் முதல் ஆளாக ஏறி, தனியாக நிற்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் போய் நிற்பேன்.