அம்மாக்கண்ணுவின் முட்டைக் கரார்

கொத்தமங்கலத்தில் அந்தப் பெரிய வீட்டுக்குள் போகிறவர்களில் சுவரைத் தொட்டுப் பார்க்காதவர் கிடையாது. அவ்வளவு வழுவழுப்பு. அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவை அடித்துக் கலந்து, கடைசிப் பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மினுமினுப்பு அது. தொட்டவர்கள் கொத்தனாரைப் புகழ்வார்கள். பர்மாவில் சம்பாதித்துக் கட்டிய செட்டியாரைப் புகழ்வார்கள். முட்டை யார் கொடுத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் நான் சொல்வேன். சிங்கம்புணரிக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஊர் அம்மாக்கண்ணு கொடுத்தாள். பாதி வீட்டுக்குத்தான் கொடுத்தாள். மீதிப் பாதி அவளைக் கொண்டுபோய்விட்டது.

அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரு துண்டுப் புஞ்சை, அதில் ஒரு கிணறு, அழகி என்று ஒரு மகள். கிணறு அவள் புருஷன் செம்மலை வெட்டியது. பாறையோடு மல்லுக்கட்டி, இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரே சொல்லச் சொல்ல வெட்டினான். தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்த மறு கோடையில் காய்ச்சலில் அவன் போய்ச் சேர்ந்தான். மற்றக் கிணறுகளில் வாளி தரையைத் தட்டும் சித்திரையிலும் அந்தக் கிணற்றில் தண்ணீர் நிற்கும். புருஷனைப் பற்றி அம்மாக்கண்ணு வாயைத் திறந்து யாரும் கேட்டதில்லை. கிணற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். அழகியைக் கட்டுகிறவனுக்கு அந்தப் புஞ்சை என்பது ஊரறிந்த சங்கதி. மருது என்ற பையனுக்காக அவன் வீட்டார் வந்து கேட்டுவிட்டும் போயிருந்தார்கள்.

அம்மாக்கண்ணு முட்டை வியாபாரம் செய்தாள். சுற்றியுள்ள ஊர்களில் கோழி வளர்க்கும் பெண்களிடம் வாங்கி, உமி பரப்பிய கூடையில் அடுக்கிச் சிங்கம்புணரிச் சந்தைக்குச் சுமப்பாள். எல்லாம் வாய்ப்பேச்சுதான். முட்டை குறைந்த வாரம், கோழியெல்லாம் அடைக்குப் படுத்துவிட்டது என்று அவள் சொல்வாள். வாங்குகிறவன் முணுமுணுத்துவிட்டுப் போவான். அடுத்த வாரம் அவனே வந்து நிற்பான். அந்த வியாபாரத்துக்கு அதற்கு மேல் சட்டம் கிடையாது.

கொத்தமங்கலத்து வீட்டின் கணக்கப்பிள்ளை சிவசங்கரன் அவளைத் தேடி வந்தது ஒரு தை மாதம். அவருக்கு முன்பு முட்டை கொடுத்தவர்கள் ஒருநாள் கொடுத்து ஒருநாள் கைவிரித்திருந்தார்கள். கடைசிப் பூச்சு என்பது ஒரு சுவரில் ஆரம்பித்தால் முடித்துவிட்டுத்தான் கொத்தனார் இறங்க வேண்டும். நடுவில் நின்றால் ஒட்டுப்போட்ட இடம் வடு மாதிரி தெரியும்; உரித்துவிட்டு முதலிலிருந்து பூச வேண்டும். அதனால் இனி எழுத்தில்லாமல் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தார். வாரந்தோறும் இவ்வளவு முட்டை, இன்ன விலை, தவறினால் கொத்தனார் கூலியும் சுவர் நஷ்டமும் முட்டை கொடுப்பவர் பொறுப்பு, அதற்கு ஈடு வேண்டும் என்றார். ஈடு என்று வைக்க அவளிடம் வேறென்ன இருந்தது? புஞ்சையை வைத்தாள். வீடு கட்டி முடிவதற்குள் அழகியின் கல்யாணச் செலவு தேறிவிடும் என்று கணக்குப் போட்டாள். கணக்கு தப்பில்லை. இன்றைக்கும் நான் அதைத் தப்பென்று சொல்லமாட்டேன்.

கரார்ப் பத்திரம் எழுதியது அந்த வீட்டு முகப்பிலேயே, நல்ல நாள் பார்த்து. செட்டியார் ரெங்கூனில் இருந்ததால், வீட்டுக்கார உமையாள் ஆச்சி வெற்றிலைத் தட்டை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மாக்கண்ணு தாலியறுத்தவள் என்பதால் எதிரில் வராமல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். வெற்றிலை பாக்கோடு அச்சாரத்தை வாங்க அவள் கொழுந்தன் வீரணனை முன்னால் உட்கார வைத்தார்கள். அச்சாரம் வாங்கிய கை வீரணனுடையது. பத்திரத்தில் பெருவிரல் வைக்க வேண்டியது மட்டும் அம்மாக்கண்ணு. நம்முடைய மரியாதை எப்படியெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள்.

பத்திரம் எழுதிய சத்தியமூர்த்தி சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவர், ஈடு என்ற இடத்தில் நிறுத்தித் தூண் பக்கம் திரும்பினார்.

"கோழிக்குச் சீக்கு வந்து மொத்தமாச் செத்துப்போனா அதுக்கு நீ பொறுப்பில்லைன்னு ஒரு வரி சேத்துக்கட்டுமா, அம்மாக்கண்ணு?"

எழுதிக்கொள்ளட்டும், தனக்கு ஆட்சேபம் இல்லை என்று கணக்கப்பிள்ளையும் சொன்னார். அதை மறந்துவிடாதீர்கள். அவர் சொன்னார்.

ஆனால் அங்கே எல்லார் முகமும் சுண்டிப்போனது. விளக்கை அணை என்று சொல்லாமல் குளிரவை என்று சொல்லுகிற சனங்கள் நாங்கள். அரிசி தீர்ந்துபோனால் நிறைந்திருக்கிறது என்போம். வெற்றிலைத் தட்டு வைத்த இடத்தில், புதுவீட்டு முகப்பில், சீக்கு என்றும் சாவு என்றும் ஒருவர் பேசிவிட்டார். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு சாமி பேரைச் சொன்னார். வீரணன் திரும்பி அண்ணியை முறைத்தான். சரி என்று அம்மாக்கண்ணு தலையாட்டினால் போதும், அது அவள் வாயிலிருந்து வந்ததாகிவிடும். பிறகு அந்த வீட்டில் ஒரு சட்டி உடைந்தாலும் தாலியறுத்தவள் வாய்வைத்த வீடு என்பார்கள். அவள் அதையெல்லாம் அனுபவித்தவள். செம்மலை செத்த வருஷம் மழை பொய்த்ததற்கும் அவளைத்தான் சொன்னார்கள்.

"வேணாஞ்சாமி," என்றாள். "நல்ல காரியத்துல அந்தப் பேச்சு எதுக்கு? கோழிக்கு ஒண்ணும் வராது. எழுதாதீக."

நல்ல வார்த்தை சொன்னாய் என்று ஆச்சி மெச்சி, வேலைக்காரி கையில் கற்கண்டு கொடுத்தனுப்பினார். அம்மாக்கண்ணு அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து அழகிக்குக் கொடுத்தாள். அவ்வளவு பெரிய வீட்டு ஆச்சி தன்னை மெச்சியதை ஊரெல்லாம் சொன்னாள். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். எழுத்து என்பதே கெட்ட நாளுக்காகத்தான். நல்ல நாளில் யாருக்கு எழுத்து வேண்டும்? கெட்ட நாளின் பேரைச் சொல்லக்கூடாது என்றால் அந்தக் காகிதத்தில் வேறு என்னதான் எழுதுவார்கள்?

தையும் மாசியும் குறையில்லாமல் ஓடின. வண்டி பிடித்து, வைக்கோல் மெத்தையில் கூடைகளை அடுக்கி, கைக்குழந்தையைக் கொண்டு போவதுபோல் கொத்தமங்கலத்துக்குக் கொண்டு போனாள். ஒரு கூடைக்கு ஒன்றிரண்டு கூட உடையாது. பங்குனி பிறந்ததும் வெயிலோடு வெயிலாகக் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வந்தது. காலையில் மேய்ந்த கோழி மத்தியானம் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தது. எங்கள் ஊர் முதலில் காலியானது. அப்புறம் ஒவ்வொரு ஊராகப் போனது. விடிந்தால் சேவல் கூவாத ஊர் எப்படி இருக்கும் என்று அந்தப் பங்குனியில்தான் தெரிந்தது. பெண்கள் செத்த கோழிகளைக் கம்மாய்க்கரையில் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, பிள்ளை செத்ததுபோல் அழுதார்கள்.

அம்மாக்கண்ணு அழவில்லை, நடந்தாள். சீக்கு வராத ஊர் எது என்று விசாரித்து விசாரித்து, மலையோரம் வரைக்கும் போனாள். கிடைத்ததைச் சொன்ன விலைக்கு வாங்கினாள். அழகியின் தோட்டை விற்றாள். ஒரு வாரம் கரார்ப்படி வேண்டியதில் பாதி கொண்டு போனாள், மறு வாரம் ஒரே ஒரு அரைக்கூடை. அதற்கடுத்த வாரம் வெறுங்கூடையோடு போய் நின்றாள், ஆளையாவது பார்க்கட்டும் என்று. கூடத்துச் சுவரில் பாதி பளபளவென்றும் பாதி சாம்பல் நிறத்திலும் நின்றது. கொத்தனார்கள் சாரத்தின் அடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சிவசங்கரன் கத்தவில்லை. அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். சொல்ல முடிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

"நான் ரெங்கூனுக்குப் பதில் எழுதணும்," என்றார். "கோழி செத்துருச்சுன்னு எழுதுனா, கரார்ல அப்புடி இருக்கான்னு கேப்பாக. நான் என்ன சொல்லட்டும், நீயே சொல்லு."

அவள் ஆச்சியைப் பார்க்க வேண்டும் என்றாள். பின்கட்டு வாசலில் உச்சிவெயில் வரை காத்திருந்தாள். கோழிச் சாவு நடந்த ஊரிலிருந்து வந்தவளை உள்ளே விடவேண்டாம், கணக்கப்பிள்ளையிடம் பேசிக்கொள்ளட்டும் என்று வேலைக்காரி வந்து சொன்னாள். கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான்.

நஷ்டம் கேட்டுச் செட்டியார் வீட்டார் போட்ட வழக்கு முன்சீப் கோர்ட்டுக்குப் போனது. பத்திரத்தைத் தனக்குப் படித்துக் காட்டவில்லை என்று சொல்லச்சொல்லி அவளுடைய வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார். அவள் கேட்கவில்லை. நியாயஸ்தி என்பதற்காக அல்ல. நடந்ததைச் சொன்னால் எல்லாருக்கும் மனசு இளகிவிடும் என்று நம்பினாள். அந்த வீட்டுக்கு நல்லது நினைத்துத்தானே அந்த வரியை வேண்டாமென்றாள்? அதை அப்படியே சொன்னாள்: எழுதுன சாமி கேட்டாக, கணக்கப்பிள்ளையும் சரியிண்டாக, நான்தான் வேணாமுண்டேன். ஆச்சியைக் கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னாள். சத்தியமூர்த்தி கூண்டில் ஏறி, அவள் சொல்வது நிஜம் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். முன்சீப் எழுதிக்கொண்டார். நிபந்தனையைச் சேர்க்க வாய்ப்புக் கொடுத்தும் தெரிந்தே மறுத்திருக்கிறாள் என்று தீர்ப்பு வந்தது. அவளுக்கு அனுகூலம் என்று அவள் நினைத்த வார்த்தைதான் அவள் கழுத்தில் விழுந்தது.

புஞ்சை ஏலத்துக்கு வந்தது. சிங்கம்புணரி பொன்னழகு எடுத்தான். கிணற்றுக்காகவே எடுத்தேன் என்று வெளிப்படையாகச் சொன்னான். மருதுவின் வீட்டார் அதற்குப் பிறகு எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. அழகியைப் பள்ளத்தூர்ப் பக்கம் ஒருவனுக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். கொத்தமங்கலத்து வீட்டுக்கு வேறு சீமையிலிருந்து முட்டை வந்து, பாதிச் சுவரை உரித்துப் பூசி முடித்தார்கள். புதுமனைப் புகுவிழா ஊர் மெச்ச நடந்தது.

அதன் பிறகு நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அம்மாக்கண்ணுவின் கதை பரவி, எங்கள் பக்கத்தில் கடலை விற்கிறவனும் புளி விற்கிறவனும் கூட எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அந்தக் கெட்ட வரியும் வேண்டும் என்றார்கள். ஆனால் யார் வாயால் சொல்வது? வாங்குகிறவன் சொல்லமாட்டான், விற்கிறவனும் சொல்லமாட்டான். சத்தியமூர்த்தியும் ஒருமுறை பட்டது போதும் என்று இருந்தார். யாரோ ஒருவன் அம்மாக்கண்ணுவைக் கூப்பிடலாமே என்றான். அவளுக்கு இனிமேல் போவதற்கு என்ன இருக்கிறது என்றும் சொல்லியிருப்பான். அவள் வந்து வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்து, மழை கெடுத்தால், தீப்பிடித்தால், மாடு செத்தால், ஆள் செத்தால் என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். சத்தியமூர்த்தி எழுதுவார். ஒரு படி அரிசி கொடுத்து அனுப்பிவிட்டு, அவள் உட்கார்ந்த இடத்தில் சாணி கரைத்துத் தெளிப்பார்கள். அவள் சொன்ன வார்த்தையால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். ஒருத்தரும் தங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவளைக் கூப்பிட்டதில்லை. பேரனின் காதுகுத்துக்கு, அந்த வாயோடு இங்கே வரவேண்டாம் என்று அழகியின் புருஷன் ஆளனுப்பினான். அழகி ஒன்றும் சொல்லியனுப்பவில்லை.

ஒரு வருஷம் பொன்னழகு அவளைக் கூப்பிட்டான். அவனுடைய புஞ்சைகளில் ஒன்றில் விளையும் கத்திரிக்காய் முழுவதையும் ஒரு வியாபாரிக்குக் கொடுப்பதாகக் கரார். எந்தப் புஞ்சை என்று அவளுக்குச் சொல்லவில்லை. எல்லைகளைப் படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தோம், போகவில்லை. மழையைச் சொன்னாள், பூச்சியைச் சொன்னாள், தீயைச் சொன்னாள். பிறகு நிறுத்திவிட்டாள். சத்தியமூர்த்தி பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கிணற்றைப் பற்றி ஒரு வரி வேண்டுமே என்று பொன்னழகு நினைவுபடுத்தினான்.



"அது வத்தாது சாமி," என்றாள். "அவுக வெட்டுனது. எந்தக் கோடைக்கும் வத்துனதில்ல." பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "கெணறு வத்துனா… எழுதிக்கங்க," என்றாள்.

சத்தியமூர்த்தி எழுதினார். அவள் அரிசியை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். சாணி கரைத்த வாளி கதவோரம் முதலிலேயே தயாராக இருந்தது.